முத்திரை இருக்கும் நோட்டு

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியல் மூடிவிடும். அதற்குள் மகளின் பெயர் அதில் ஏறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

தலைமையாசிரியையின் மேஜைமேல் அம்மா ஃபைலைப் பிரித்தாள். ஊருக்குள் வெள்ளம் புகுந்த அன்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றிய ஃபைல். மூன்று வாரமாக முகாமில் மூன்று பிளாஸ்டிக் உறைக்குள், யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள்.

உள்ளே ஃபிரிட்ஜின் கியாரண்டி அட்டை.

"பத்து வருஷமாம்," என்றாள் மகள். "ஃபிரிட்ஜ் இப்ப எந்தக் கடல்ல மிதக்குதோ!"

"சும்மா இருடி வக்கீலம்மா! சர்டிஃபிகேட் ஃபைலும் இதுவும் ஒரே கலர்..." அம்மாவின் குரல் உள்ளே போயிற்று.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "பழைய பள்ளிக்கூடத்து முத்திரை வெச்ச ஒரு தாளாவது வேணும்மா. இல்லேன்னா ஒன்பதாவதுலதான் உட்கார வைக்க முடியும்."

"அந்தப் பள்ளிக்கூடமே தண்ணிக்குள்ள இருக்கு மேடம். ஹெட்மாஸ்டர் போனும் கூடவே முங்கிடுச்சு."

மூலையில் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். தையற்காரர். கழுத்தில் இஞ்ச் டேப், கக்கத்தில் தடித்த நோட்டு.

அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "அந்தப் பாழாப்போன நோட்டைக் கீழதான் வைங்களேன்! தையல் மெஷினை விட்டுட்டு இதைத் தூக்கிட்டு வந்த மனுஷன், மேடம்."

"இதுல முத்திரை இருக்கு," என்றார் அப்பா.

தலைமையாசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் பூரா நான்தான் தைக்கிறேன் மேடம். வகுப்பு வாரியா பேரும் அளவும் எழுதிக் காட்டணும். பக்கத்துக்குப் பக்கம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை வெச்சாத்தான் துணியில கத்தரி வைப்பேன்."

"மூணு வாரமா வாயைத் தொறக்கலையே!"

"யார் பேச விட்டா?"

தலைமையாசிரியை பக்கங்களைப் புரட்டினார். பத்தாம் வகுப்பு, பி பிரிவு. மூன்றாவது வரியில் மகளின் பெயர். கீழே ஊதா முத்திரை, இந்த வருஷத் தேதி.

"பேர் இருக்கு. அந்தப் பொண்ணு இவதான்னு நான் எப்படி நம்பறது?"

மணி மூன்று நாற்பது. அப்பாவின் கழுத்திலிருந்து டேப் சரேலென்று இறங்கியது.

"தோள் பதினாலரை." நோட்டிலும் பதினாலரை.

"கை இருபத்தொண்ணு." அதுவும் சரி.

"பேன்ட் நீளம் முப்பத்தெட்டு."

நோட்டில் முப்பத்தேழு. தலைமையாசிரியையின் விரல் அந்த எண்ணில் நின்றது.

"ஒரு இஞ்ச் வளந்துட்டா மேடம். வளருவான்னு தெரிஞ்சுதான் உள்மடிப்பு விட்டுத் தெச்சேன், பாருங்க!" அப்பா குனிந்து மகள் போட்டிருந்த யூனிஃபார்ம் பேன்ட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார்.

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். விரல்கள் கம்ப்யூட்டரில் பறந்தன. பெயர் ஏறிவிட்டது!

"இந்தப் பக்கத்துல இருக்கற பசங்க இன்னும் யாராவது முகாம்ல இருக்காங்களா?"

"பதினொரு பேர் மேடம்!" பதில் வந்தபோது மகள் வாசலைத் தாண்டியிருந்தாள். முகாம் எதிரே, விளையாட்டு அரங்கில்தான்.

"எல்லாரையும் யூனிஃபார்மோட வரச் சொல்லு!" அப்பா டேப்பை உதறிக்கொண்டு கத்தினார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் பெயர் ஏறியது. அம்மா அந்த நோட்டை மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். கியாரண்டி அட்டையை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதை நீங்க கக்கத்துல வெச்சுக்கங்க."