ஒரு கோலும் விழாத வாசல்

மெல்பேணின் ஸ்பிரிங்வேலில் உள்ள தன் சொந்த வீட்டுக்குள் சிவசோதி கடைசியாகக் கால் வைத்தது 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் சிட்னிக்கு வெளிக்கிட்டவர் திங்கட்கிழமை திரும்பி வந்தபோது வாசல் அவரை உள்ளே விடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. மனைவி சத்தியபாமா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். சிவசோதி ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். யாரோ இரண்டு உள்ளங்கைகளாலும் நெஞ்சில் தள்ளியதுபோல் பின்னால் போய்ப் புல்லில் இருந்தார். பின்கதவாலும் பார்த்தார், அங்கேயும் அதே கதை. மருமகன் சுதர்சன் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். சுதர்சன் வரவேற்பறையில் போய் நின்றபோது தோள் வெறுமையாக இருந்தது, மாமனார் வெளியே ரோசாப் பாத்திக்குள் கிடந்தார். பூனை போய் வந்தது, மின்சார வேலைக்காரர் போய் வந்தார், சொந்தக்காரர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். சிவசோதிக்கு மட்டும் வழி இல்லை. கடைசியில் கதிரை வைத்து மேல் யன்னலால் ஏறப் பார்த்தவர் மேலே எறிபட்டுக் கூரைக்குப் போய்விட்டார். தீயணைப்புப் படை வந்துதான் அவரை இறக்கியது. உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. தாழ வருவதை நெஞ்சோடு நிறுத்தித் தள்ளுவதும் உயர வருவதைக் கம்பத்துக்கு மேலால் தட்டிவிடுவதும் நல்ல கோல்காப்பாளர் ஒருவரின் வேலை.

அந்தக் காப்பாளர் யார் என்பதிலும் மெல்பேண் தமிழர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை. வெரிபீயில் இருக்கும் அம்புறோஸ்தான் என்றார்கள். மன்னார்க் கரையில் அலைமாதா கல்லூரியில் படித்தவர், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் படகில் வந்தவர், கோழி இறைச்சித் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுபவர். அலைமாதா பழைய மாணவர் அணிக்கு அவர்தான் காப்பாளர். அவருடைய மனைவி பேர்ள் புறொக்கொலித் தோட்டத்தில் வெட்டி அடுக்குகிற வேலை செய்தபடி, சனிக்கிழமை காலைகளில் மைதானத்துக்கு வெள்ளைக் கோடு கீறுவார். கோடு கீறும் வண்டிலைப் பேர்ள் தள்ளினால் அளவுநாடா தேவையில்லை என்பார்கள். ஆட்டத்துக்கு முன் கணவனின் கையைச் சூடாக்க ஐம்பது பந்து உதைத்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் உதைத்தால் அம்புறோசுக்கே இரண்டு மூன்று தப்பிவிடும்.

கல்லூரிகளின் பழைய மாணவர் கிண்ணம் என்று ஒன்று ஒவ்வொரு வருடமும் சிட்னியில் பிளாக்டவுனில் நடக்கும். சிட்னியில் இருந்து இரண்டு அணி, மெல்பேணில் இருந்து இரண்டு அணி. மெல்பேணில் ஸ்பிரிங்வேல் பக்கத்துக் கல்லூரிகள் எட்டும் தென்கிழக்குப் பிரிவு. வெரிபீ பக்கத்தவை நான்கும் மேற்குப் பிரிவு. இரண்டு பிரிவும் தங்களுக்குள் மட்டும் விளையாடும். அதனால் சிட்னிக்கு யார் போவது என்பதைப் புள்ளி பார்த்து முடிவுசெய்ய முடியாது என்று சொல்லி, ஐந்து பேர் கொண்ட தெரிவுக்குழு ஒன்றை வைத்தார்கள். ஐந்து பேரும் தென்கிழக்குக்காரர்கள். தலைவர் சிவசோதி, ஞானோதயாக் கல்லூரியின் பழைய மாணவர், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், மேடையில் ஏறினால் இறங்க மனமில்லாதவர்.

2022இல் அலைமாதா ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் வென்றது. அம்புறோஸ் ஒரு கோலும் விடவில்லை. அப்படி ஒரு வருடம் அந்த அணிக்கு அதற்கு முன் வந்ததில்லை. எல்லாருக்கும் ஒரே காலத்தில் பகல்வேலை கிடைத்திருந்தது. லோஜன் பேர்த் சுரங்கத்துக்கு இன்னும் போகவில்லை. பிரதீஸின் முழங்கால் இன்னும் கிழியவில்லை. அம்புறோசுக்கு நாற்பத்து நான்கு வயது, கண் இன்னும் பந்தின் தையலைப் பார்த்தது. இது திரும்ப வராது என்று பேர்ளுக்கு மே மாதமே தெரிந்துவிட்டது. அதனால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வென்றபோது அவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வென்றார்.

ஓகஸ்ட் நடுவில் குழு தன் முடிவைச் சொன்னது. தென்கிழக்கில் முதலாவதாக வந்த அணி போகிறது. கூடவே, இரண்டு ஆட்டம் தோற்றிருந்த ஞானோதயாவும் போகிறது. மேற்குப் பிரிவின் தரம் போதாதாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கிழமை நெருப்புப் பறந்தது. தோட்டத்துப் பெடியளோட வெண்டதை வெற்றியெண்டு கணக்கெடுக்கலாமோ என்று ஒருவர் எழுதினார். தோல்வியிலும் தரமான தோல்வி இருக்கு, ஞானோதயா தோத்தது ரெண்டும் தரமான தோல்வி என்று இன்னொருவர் எழுதினார். அதற்கு நாற்பத்தொரு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். பேர்ள் அந்த நாற்பத்தொரு பெயரையும் வாசித்து மனதில் வைத்துக்கொண்டார். அவர் எழுத்தில் சண்டை பிடிக்கிறவர் இல்லை.

இவ்வளவோடு விட்டிருந்தால் சிவசோதி இன்றைக்கும் தன் கட்டிலில் படுத்திருப்பார். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவருக்கு உரியதைக் கொடுக்க மனமில்லாவிட்டால் அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது. பாரபட்சம் இல்லை என்று காட்ட, அம்புறோசைப் பிளாக்டவுனுக்கு அழைத்துக் கௌரவிப்பது என்று குழு முடிவுசெய்தது. அணிப் பெடியன்களையும் கூட்டிவரச் சொன்னார்கள், கோட்டருகில் கொடி பிடிக்க ஆள் காணாது என்று. அம்புறோஸ் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். போனார். மைதானத்தின் நடுவில், பளிச்சென்ற சிவப்புப் பொன்னாடையை அவருடைய தோளில் போட்டு, சிவசோதி கமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அம்புறோசை மெதுவாகக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். அவர் பொன்னாடையோடு இருந்து, ஞானோதயா ஆறு கோல் வாங்குவதைப் பார்த்தார். பக்கத்தில் கைப்பையோடு நின்ற பேர்ள் ஆறையும் எண்ணினார். ஆறாவது விழுந்தபோது, சத்தம் போடாமல், பக்கத்துப் பெண்ணிடம் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒரு கோலும் உள்ள விடாத மனிசனைச் சீலை போத்தி வெளியில இருத்தினவர். அவரும் வெளியில இருக்கட்டும்."

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஸ்பிரிங்வேல் வாசல் மறுத்தது. சேதி வெரிபீக்கு வந்தபோது பேர்ள் தோட்டத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோசம் என்றால் சந்தோசம், மறைக்க என்ன இருக்கிறது. அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நண்டு காய்ச்சினார். அம்புறோஸ் சாப்பிடாமல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்ல பேர்ள். நான் வேலையில எல்லோ நிண்டனான்."

"நீங்கள் சும்மா இருங்கோ. எல்லாரும் உங்களைத்தான் பெரிசாச் சொல்லினம். சாப்பிடுங்கோ."

சிவசோதி முதல் மாதம் காரில் படுத்தார். பிறகு படுக்கை உள்ள பழைய கரவன் வண்டி ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தினார். கோயிலில் அர்ச்சனை செய்தார், வேதக்காரப் பாதிரியாருக்குச் சொல்லித் தீர்த்தம் தெளிப்பித்தார், வீட்டைச் சத்தியபாமாவின் பெயருக்கு மாற்றியும் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் விதியை மாற்றினால் கதவும் மாறும் என்று நினைத்து, தெரிவுக்குழுவைக் கலைத்து, ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வரும் அணி சிட்னிக்குப் போகும் என்று 2023 யாப்பு விதிகளில் எழுதவைத்தார். மேற்குப் பிரிவில் அந்த வருடமும் அலைமாதாதான் முதலாவது, ஆனால் இழுபறியில். லோஜன் பேர்த்துக்குப் போய்விட்டார். பிரதீஸ் ஊன்றுகோலோடு பஸ்ஸில் ஏறினார். பிளாக்டவுனில் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கினார்கள். மூன்றாவது கோலுக்கு அம்புறோஸ் பாயவே இல்லை. பந்தைத் தாமதமாகத்தான் கண்டார். திரும்பி வருவது பஸ்ஸில் பத்து மணித்தியாலம். பேர்ள் யன்னலோரம் இருந்து, ஒரு வருடம் பிந்திக் கொடுத்தது கொடுத்ததே இல்லை என்று நினைத்தார். அவருடைய கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். அது அன்றைக்குத்தான் முற்றியது.

ஸ்பிரிங்வேல் கதவும் அசையவில்லை.

2024இல் சிவசோதிக்கு ஒரு யோசனை வந்தது. அம்புறோசுக்குத் தண்ட உதை ஒன்று அடித்துக் கோல் போட்டால் கணக்குத் தீரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அறுபத்தாறு வயதில், புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெரிபீ மைதானத்துக்கு வந்தார். அம்புறோஸ் இரங்கினார். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கோலை விட்டே விலகி, மூலைக்கொடிக்குப் போய் நின்றார். சிவசோதி முதலில் பேர்ளைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"உங்கட பிள்ளையள் நல்லா விளையாடினவைதான் தங்கச்சி. ஆனா அப்ப இருந்த விதிப்படி..."

கோலுக்குப் பின்னால் வண்டிலோடு நின்ற பேர்ள் அந்த "ஆனா"வைக் கேட்டார். சிவசோதி உதைத்தார். பந்து மெல்ல உருண்டு, யாரும் இல்லாத கோலின் கோட்டுக்கு வந்து, பட்டென்ற சத்தத்தோடு திரும்பி அவருடைய காலடிக்கே போனது. எல்லாரும் அம்புறோசைப் பார்த்தார்கள். அவருடைய கைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன. பேர்ள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். இரண்டும் சிவந்து எரிந்தன. இவ்வளவு காலமும் புறொக்கொலிக் கத்தியால் என்று நினைத்திருந்தார். காத்தது தன் கணவன் இல்லை, தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வெட்கப்படவில்லை. கையை உதறிவிட்டு, மிச்சக் கோட்டைக் கீறப் போனார்.

சேதி பரவ ஒரு நாள் போதுமாயிருந்தது. அதன் பிறகு நாற்பத்தொரு கைதட்டல்காரர்களும் பேர்ளைக் கண்டால் முந்திக்கொண்டு சுகம் விசாரித்தார்கள். ஸ்பிரிங்வேல் மீன்கடையில் வரிசையில் அவரை முன்னுக்கு விட்டார்கள். அவர் நன்றி சொல்லாமல் முன்னுக்குப் போனார்.

2025 ஓகஸ்டில் சிவசோதி மறுபடி வந்தார். பந்து கொண்டுவரவில்லை, சப்பாத்தும் பழசு. கரவனில் மூன்று குளிர்காலம் கழித்ததில் மெலிந்திருந்தார். ஆட்டம் முடியும்வரை புல்லில் இருந்து பார்த்துவிட்டு, கோடு கீறும் வண்டிலைக் கழுவிக்கொண்டிருந்த பேர்ளிடம் போனார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். அந்த வருசம் உங்கட ஒரு மட்சும் நாங்கள் பாக்கேல்ல. அஞ்சு பேரில ஒருத்தரும். வெஸ்ற்கேற் பாலத்தில சனிக்கிழமை ரபிக், ஒண்டரை மணித்தியாலம் ஆர் ஓடுறது எண்டு விட்டிட்டம். தரம் காணாதெண்டது நான் வீட்டில இருந்து எழுதினது."

பேர்ள் குழாயை நிறுத்தினார்.

"ஒண்டையுமோ அண்ணை?"

"ஒண்டையும் பாக்கேல்ல."

அந்த மனிதர் உண்மை சொல்கிறார் என்று பேர்ளுக்குத் தெரிந்தது. அவர் "ஆனா" போடவில்லை, விதியை இழுக்கவில்லை. பேர்ளுக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு தானே அம்புறோசைக் காரை எடுக்கச் சொல்லி, சிவசோதியையும் ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வேலுக்குப் போனார். வாசலில் சத்தியபாமா விளக்கேற்றி வைத்துக்கொண்டு நின்றார். பேர்ள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாரும் கேட்கும் அந்தச் சொல்லை, மன்னித்தேன் என்பதை, மனதுக்குள் உண்மையாகவே சொன்னார். சிவசோதி கால் வைத்தார். இம்முறை அவர் விழவில்லை. பெரியவர் ஒருவரைப் பிடித்து இருத்துவதுபோல், வாசல் அவரைப் பதமாகப் பின்னுக்குக் கொண்டுவந்து விட்டது.

பேர்ளின் கைகள் எரிந்தன.

"நான் வேணுமெண்டு செய்யேல்ல அண்ணை," என்றார் பேர்ள். "உங்களோட எனக்குக் கோவம் இல்லை இப்ப. அந்த வருசம்தான் போகுதில்லை. அதைத் திருப்பித் தர உங்களாலயும் ஏலாது."

"ஓம்," என்றார் சிவசோதி. "ஏலாது."

சத்தியபாமா அவர்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். பேர்ளும் அம்புறோசும் வரவேற்பறையில் இருந்து குடித்தார்கள், சிவசோதி வெளியே வாசற்படியில் இருந்து குடித்தார். அடுத்த கிழமை மாநகரசபை அந்தக் கரவனுக்குத் தனி இலக்கம் கொடுத்தது, தபாலும் தவறாமல் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குச் சத்தியபாமா குசினி யன்னலுக்கு உட்பக்கம் ஒரு கதிரை போடுவார், சிவசோதி வெளிப்பக்கம் ஒன்று போடுவார், மழை என்றால் குடை பிடிப்பார். சனிக்கிழமைகளில் அவர் காலை ரயிலில் வெரிபீக்குப் போய், மேற்குப் பிரிவின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் முதல் விசிலில் இருந்து கடைசி விசில் வரை இருந்து பார்க்கிறார்.