போதகர் பிசைந்த மாவு

எங்கள் ஊரில் செத்தவனைவிட அவன் பெண்டாட்டியைக் கண்டுதான் ஜனங்களுக்குப் பயம் அதிகம். மொதிரி போன பிறகு அதை மறுபடியும் பார்த்தேன்.

மொதிரி ஆழ்கிணற்று இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கோடையில் ஊர்க் குழாயில் தண்ணீர் வந்தால் அது அவர் புண்ணியம். ஒருநாள் வேலை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. அவர் மனைவிதான் எங்கள் சபையின் போதகர். நாலு அக்காமாருக்குப் பின் பிறந்தவர் என்பதால் மொசெட்சானகாபே என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பாஷையில் 'மறுபடியும் பெண்' என்று அர்த்தம். அப்பன் அலுத்துக்கொண்டதைச் சாகும்வரை சுமக்க வேண்டிய பெயர். ஆனாலும் படித்தார், அபிஷேகம் பெற்றார், எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். என் புருஷனை அடக்கம் பண்ணியதும் அவர்தான்.

இப்போது அவர் தலையை மழித்துக் கருப்பு உடுத்திவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு யார் கையையும் தொடக்கூடாது, பொதுக் குழாயைத் தொடக்கூடாது, எங்கே போனாலும் வாசலோரம்தான் உட்கார வேண்டும். விதவை மேல் இருட்டு இருக்கிறதாம், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம், மழைகூட நின்றுவிடுமாம். என் மேலும் இருந்தது. வருஷம் முடிந்து கருப்புத் துணியைக் கழற்றிய அன்று சொல்லி வைத்தாற்போல் போய்விட்டது. ஞாயிறுதோறும் இந்த அம்மாள் கருப்பு அங்கியில்தான் பிரசங்கம் பண்ணினார். அப்போது யாருக்கும் பயம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சபைக் கூட்டம். போதகர் வாசலோரத்தில் இருந்தபடியே சொன்னார்.

"ஈஸ்டர் திருவிருந்தை நான்தான் கொடுப்பேன்."

மாதர் சங்கத் தலைவி மா-பொனாங், அதாவது பொனாங்கின் அம்மா, சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "உங்க கையால வாங்கி எப்படிம்மா திங்கிறது? வீட்டுக்குப் போயி நாங்க புருஷனைத் தொட வேண்டாமா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆம்பிளைகள் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

"செபேகோ ஐயா சம்சாரத்தைப் புதைச்சது என் வீட்டுக்காரருக்கு அப்புறம்தானே?" என்றார் போதகர். "அவர் முன்வரிசையிலதான உக்காந்திருக்காரு?"

செபேகோ ஐயா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சபை மூப்பர். கோட்டுக் கையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்புத் துணி குத்தியிருந்தார். அவருடைய துக்கம் அவ்வளவுதான். அவருக்காக மா-பொனாங்தான் பதில் சொன்னாள்.

"ஆம்பளைக்கு இருட்டு தங்காதும்மா. குளிச்சா போயிரும்."

"எந்தக் குழாயில குளிச்சாருன்னு சொல்லு," என்றேன். "இந்தம்மாவையும் அங்க கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு வாய் ஜாஸ்தி, மா-துமேலோ."

"காணிக்கைத் தட்டுல விதவைங்க நாங்க போடுற காசு மட்டும் இருட்டு இல்லாமப் பளபளன்னு இருக்கோ?"

வட்டாரத் தலைமைக்குப் போன் போட்டார்கள். ஊர் வழக்கத்தோடு மோத வேண்டாம், ஒரு வருஷ ஓய்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று போதகருக்கு ஆறுதல் வந்தது. திருவிருந்து கொடுக்கச் செபேகோ ஐயாவுக்கு அனுமதியும் வந்தது. இவர் வருஷக்கணக்காகப் படித்து வாங்கிய உரிமை, அவருக்கு அந்த ஒரே போனில் கிடைத்துவிட்டது.

திருவிருந்தில் ஆண்டவருடைய உடலாகப் பிட்டுக் கொடுக்கிற அப்பத்தைச் சுடுவது என் வேலை. சனிக்கிழமை மாவை அகலச் சட்டியில் கொட்டி வைத்திருந்தேன். போதகர் என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து நின்றார்.

"நான் பிசையட்டுமா?"

"தாராளமா பிசைங்க."

"யாருக்கும் தெரிய வேண்டாம்."

மண்டி போட்டு உட்கார்ந்து பிசைந்தார். பிசையப் பிசைய உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன். வீடு வீடாகப் பெயர் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். மா-பொனாங் பெயரும் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. "அவளுக்கு எதுக்கு?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். நான் தணலில் கல்லைப் போட்டுச் சுட்டு எடுத்தேன்.

ஈஸ்டர் அன்று செபேகோ ஐயா பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கொடுக்கிற மாதிரி அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் வாங்கித் தின்றார்கள். மா-பொனாங் கண்ணை மூடி நிதானமாக மென்றாள். வாசலோரத்தில் போதகர். வேண்டுமென்றே அவர் பக்கத்தில் நான். அவர் முகத்தைப் பார்த்தேன். மொதிரி போன பிறகு அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிற வீட்டுக்காரியின் முகம் அது.

கடைசியாக அவர் எழுந்து போய் இரண்டு கையையும் ஏந்தினார். செபேகோ ஐயா ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, விரல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து துண்டைப் போட்டார். அது கையில் விழாமல் சிமெண்டுத் தரையில் விழுந்தது. போதகர் குனிந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஐயா கைக்குட்டையை எடுத்து, தொடாத விரல்களைத் துடைத்தார்.

அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"நல்லாத் துடைங்க ஐயா. நீங்க இவ்வளவு நேரம் பிட்டுப் பிட்டுக் கொடுத்தது இந்தம்மா பிசைஞ்ச மாவு. அத்தனை பேர் வயித்துலயும் இப்ப இவங்க கைதான் இருக்கு."

மா-பொனாங் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் பின்னால் அவள் சங்கம் ஓடியது. கோவில் பின்புறப் பொதுக் குழாயில் தண்ணீர் திறக்கிற சத்தமும், கொப்பளிக்கிற சத்தமும், விரலை விட்டு ஓங்கரிக்கிற சத்தமும் கேட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆண்டவருடைய உடலை மண்ணில் துப்பிக்கொண்டிருந்தார்கள். செபேகோ ஐயா அவசரப்படாமல் வரிசையில் நின்று தன் முறைக்குத் துப்பினார். உள்ளே சிலர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் சொன்னீங்க, மா-துமேலோ?" என்றார். "எல்லாரும் சாப்பிட்டுட்டாங்க. அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாங்க. இந்த வருஷம் நான் செய்ய முடிஞ்ச ஒரே ஊழியம் அதுதான்."

நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொருவராக வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மொதிரி ஓட வைத்த குழாயைக் கடைசி ஆள் மூடாமல் போய்விட்டான். தண்ணீர் வீணாகப் போவதைப் போதகர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போய் மூட அவருக்குத்தான் அனுமதி இல்லையே.