நீல மூடி

ஸெய்னுதீன் கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றைச் சல்லடையில் கழுவி, மிஞ்சியதைத் தாளில் காயவைத்தார். பார்வைக்கு வெறும் மணல். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அத்தனையும் சிப்பிகள். பருவக்காற்று பலமாக வீசிய காலத்தில் அதில் ஒரு வகை பெருகும். காற்று ஓய்ந்த காலத்தில் அருகும். அவற்றை எண்ணிப் பழைய மழையைக் கணிப்பது அருள்மலரின் வேலை.

"மிஸ், இண்டைக்கு எந்தக் காலத்து மழை?"

"ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தினது, நானா." அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

"அப்ப குடை தேவையில்லை."

அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் குழாயின் அடியில் முந்நூறு சிப்பிக்கு நாற்பது அந்த வகை. தொடர்ந்து வரும் நாலாம் குழாயின் மேல்நுனியில் நூற்றைம்பது, அடிநுனியில் நாற்பத்திரண்டு. நாலாம் குழாயைத் தலைகீழாக்கினால் எல்லாம் பொருந்தியது.

கப்பலில் சேற்றுக்குழாயைத் துண்டுகளாக வெட்டியதும் மேல்நுனிக்கு நீல மூடி போடுவார்கள், அடிக்குச் சிவப்பு. மூன்று மாதத்துக்கு முன், வெட்டிய அன்று கொட்டும் மழை. அவசரத்தில் மூடிகளைப் போட்டது அவள்தான்.

பொறுப்பதிகாரி ஹெக்டர் கணக்கைப் பார்த்தார். "ஸெய்னுதீன்தானே தூக்கி வந்தவன்? மூடியைக் கழட்டி மாறிப் போட்டிருப்பான். நாளையிலயிருந்து அவன் வேலைக்கு வேண்டாம். உம்மை நிரந்தரமாக்கிற கடிதமும் இந்தக் கிழமைதான் போகுது. பிழை ஆர் விட்டதெண்டு அதிலே தெளிவா இருக்கவேணும்."

ஹெக்டர் தன் அறைக்குத் திரும்பினார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸெய்னுதீன் சோற்றுப் பார்சலை எடுத்தார். ஊருக்குப் போகும் படகான மூதூர் லோஞ்சு புறப்பட நேரமிருந்தது. வாசலில் திரும்பினார்.

"மூடியில நான் கையே வைக்கல்ல மிஸ். உங்களுக்குத் தெரியுந்தானே?"

அவர் போய்விட்டார். ஏழாயிரம் வருடத்து மழையைச் சொல்ல வந்தவள், மூன்று மாதத்துக்கு முந்திய மழையை மறைத்துக்கொண்டு நின்றாள். மேசையில் அவர் காயவைத்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் ஹெக்டரின் அறைக்குள் போனாள்.

"மூடி போட்டது நான், சேர். மாறிப் போட்டதும் நான்தான்."

ஹெக்டர் பேனாவை வைத்தார். "கடிதம் போகாது."

"ஓம் சேர்."

"ஒரு கூலிக்காரனுக்காகவோ?"

"பிழை ஆருக்கும் வரும், சேர். அதைத் திருப்பிக் கதைக்க ஏலாதவன்ர தலையில போடுறதுதான் குற்றம்."

ஸெய்னுதீனை நிறுத்தச் சொல்லி எழுதிய தாளை ஹெக்டர் மெல்லக் கிழித்தார். லோஞ்சு புறப்படுமுன் ஸெய்னுதீனைப் பிடிக்க அருள்மலர் படகுத்துறையை நோக்கி ஓடினாள்.