கப்பித்தேன் உருட்டிய குண்டு

சொல்தா அலெக்சாண்டருக்கு அந்த வாரம் முழுக்க ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காப்பி குடிக்க உட்காருவார். பாதி டம்ளரில் எழுந்து வாசலுக்குப் போவார். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்து ஆறிப்போன காப்பியைப் பார்த்து, இதை யார் இங்கே வைத்தது என்பதுபோல முகத்தைச் சுளிப்பார். அவர் மனைவி ரோசா, ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் இந்த வீட்டுத் தரை தேய்ந்துவிடும் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அலெக்சாண்டர் இந்தோசீனாவில் இருந்தவர். இப்போது முதலியார்பேட்டை பெத்தாங்க் குழுவுக்குத் தலைவர். பழைய ஆட்கள் அதைப் பிரெஞ்சில் ‘கப்பித்தேன்’ என்பார்கள்; இளைஞர்கள் அதையே கொஞ்சம் கேலியாகச் சொல்வார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சின்ன மரக்குண்டைத் தூர எறிந்துவிட்டு, இரண்டு கட்சியும் இரும்புக் குண்டுகளை அதை நோக்கிப் போடும். யாருடைய குண்டு மரக்குண்டுக்கு மிக நெருக்கமோ, புள்ளி அவர்களுக்கு. இதில் இரண்டு வேலை உண்டு. குண்டை மெதுவாக விட்டு மரக்குண்டின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவன் வைக்கிறவன். தன் குண்டை அந்தரத்தில் எறிந்து எதிரியின் குண்டை அடித்துத் தெறிக்க விடுகிறவன் அடிக்கிறவன். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கட்சி. இரண்டு பேர் வைப்பார்கள், ஒருவன் அடிப்பான்.

1959ஆம் வருஷம் அது. மார்செய்யிலிருந்து சைகோன் போகிற கப்பலில் பிரான்சு ஆட்டக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள், கப்பல் நிற்கும் நாளில் புதுச்சேரிக்காரர்களோடு ஆட ஆசைப்படுகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு வந்திருந்தால் இது ஒரே கொடிக்குக் கீழே நடக்கிற பொழுதுபோக்கு. இப்போது இரண்டு தேசம். மைதானத்து ஓரத்தில் ‘இந்தியா’ என்று எழுதித் துணி கட்டப்போகிறார்களாம். பென்ஷன் அங்கிருந்து வாங்கிக்கொண்டு குண்டை அவர்கள் தலையிலேயே போடப்போகிறார் நம் கப்பித்தேன் என்று சாராயக் கடை வரைக்கும் பேச்சாகிவிட்டது. அலெக்சாண்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

நம் பக்கமும் ஆறு பேர், இரண்டு கட்சி. அதில் நாலு பேர் ஆடி ஜெயித்தே இடம் பிடித்துவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் வைக்கிறவர்கள். கலியமூர்த்தி ஒருவன்தான் அடிக்கிறவன். மீதி இரண்டு இடமும் தலைவர் இஷ்டம்; இந்த ஞாயிறு தேர்ந்தெடுக்க வேண்டும், அடுத்த ஞாயிறு ஆட்டம். அவர் கைகாட்டினால் கேள்வி கிடையாது. ஒன்று அடிக்கிறவன் இடம், ஒன்று வைக்கிறவன் இடம். அடிக்கிறவன் இடம் யாருக்கு என்று யாரும் யோசிக்கவே இல்லை. அலெக்சாண்டர் இருக்கும்போது வேறு யார்? வைக்கிறவன் இடத்துக்கு அவர் மைத்துனன் அல்போன்ஸ் இருக்கிறான். ரோசாவின் தம்பி, நிதானமான கை. ஆகவே ஊருக்குக் கணக்கு தீர்ந்துவிட்டது. வீராம்பட்டினத்து வடிவேல் ஒருவன்தான் பாக்கி. அவன் அடித்தால் பத்துக்கு எட்டு விழும். ஆனால் பாவம், அடிக்கிறவனுக்கு இடம் இல்லையே என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

அலெக்சாண்டரின் வலது தோள் போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஆரம்பித்த வலி. முதலில் குளிர் என்று நினைத்தார். பிறகு வயசு என்று நினைத்தார். போன மாதத்திலிருந்து கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் விரல்கள் தாமாக ஒரு துடிப்புத் துடித்துக் குண்டைத் தப்பான இடத்தில் விட்டன. பழகுகிற நாட்களில் ஏதாவது சாக்குச் சொல்லி, அடிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். இந்த ஞாயிறு வடிவேலைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிமிஷமே ஏன் என்ற கேள்வி எழும். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அல்போன்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு, வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், இந்தத் தோளோடு அவர்தான் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை விடியும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போனார். முதலியார்பேட்டைக்காரன் எவனும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வரமாட்டான் என்பது அவர் எண்ணம். கட்டுமரங்களைத் தாண்டி, ஈரம் இறுகின இடமாகப் பார்த்து ஒரு குண்டை வைத்துவிட்டு, தள்ளி நின்று அடித்தார். விழவில்லை. மறுபடி அடித்தார். பக்கத்து மண்தான் பறந்தது. ஒருமுறை மட்டும் இரும்பு இரும்பைத் தொட்டது. அந்தச் சத்தத்தில் மனசு கொஞ்சம் தேறி, அடுத்ததை வேகமாக வீசப் போய், தோளில் மின்னல் ஓடிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

“கப்பித்தேன், மண்ணுல என்னா வெதைக்கிறீங்க?”

வடிவேல். கேரியரில் மீன் கூடையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்க்கெட்டுக்கு மீன் எடுக்க வீராம்பட்டினத்துக்காரன் இவ்வளவு வடக்கே வருவான் என்று அலெக்சாண்டர் கண்டாரா? சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். குண்டும் காற்று வாங்குதா என்று அவன் கேட்கவில்லை. சிதறிக் கிடந்த குண்டுகளைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, அவர் பையில் போட்டான். அவருடைய இடது கையிலா வலது கையிலா கொடுப்பது என்று ஒரு கணம் தயங்கி, பையைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்தத் தயக்கம்தான் அவரை அப்புறம் தூங்கவிடாமல் அடித்தது. பார்த்துவிட்டான். இனிமேல் அவனைத் தேர்ந்தெடுத்தால் வாயை அடைக்கக் கொடுத்தது என்று அவனே நினைப்பான். தேர்ந்தெடுக்காவிட்டால் மார்க்கெட் முழுக்கச் சொல்லுவான். வியாழக்கிழமை மார்க்கெட் பக்கம் இரண்டு தரம் நடந்து பார்த்தார். யாரும் அவரை வேறு மாதிரி பார்க்கவில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏன் சொல்லாமல் இருக்கிறான் என்ற புதுக் குடைச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை சட்டை மாட்டும்போது ரோசா பின்னால் வந்து, அவர் கேட்காமலே வலது கையைப் பிடித்து மெதுவாகச் சட்டைக்குள் விட்டாள். இந்த ஒரு மாதமாக அவள்தான் விடுகிறாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“என் தம்பிக்கு குடுக்கலன்னா அவன் ரெண்டு நாளு சாப்பிடமாட்டான், மூணாம் நாளு மீன் கொழம்பு வெச்சா வந்துடுவான். அந்த வெள்ளக்காரங்க முன்னாடி கை தூக்க முடியாம நின்னீங்கன்னா, நீங்க எத்தினி நாளு சாப்பிடமாட்டீங்க?”

“எல்லாம் தூக்குவேன்,” என்றார் அலெக்சாண்டர்.

“தூக்குங்க பாப்போம். இந்தப் பொத்தானப் போட்டுக்குங்க.”

மேல் பொத்தானுக்குக் கை எட்டவில்லை. அவளே போட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே முடிவு பண்ணினார். அல்போன்ஸ்தான். ஒரு நாள் ஆட்டம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தேர்ந்தெடுத்தவர் பெயரைத் தலைவர் வாயால் சொல்ல மாட்டார். முன்னொரு காலத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெயரைச் சொன்னால் பத்துக் காரணம் கேட்டார்கள், காரணம் சொன்னால் சட்டையைப் பிடித்தார்கள். அதனால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்க, தலைவர் எதிரே நின்று ஒரு குண்டை உருட்டிவிடுவார். யார் காலடியில் போய் நிற்கிறதோ அவன் குழுவில் சேர்ந்தான். குண்டுக்கு வாய் கிடையாது, யாரும் அதனோடு சண்டை போட முடியாது. உருண்டு நின்ற இடம் நின்றதுதான். திருப்பி எடுத்ததாக இதுவரை இல்லை. தலைவர் ஆடுவதானால் கடைசிக் குண்டைத் தன் காலடியில் தானே வைத்துக்கொள்வார்.

ஞாயிறு பூசை முடிந்து, வெயில் ஏறுமுன் எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். காரியதரிசி ஜானகிராமன் வெள்ளை வேட்டியில் வந்து, நாலு பேரைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்தினார். மீதிப் பேர் வரிசையில். அல்போன்ஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். கோயிலிலிருந்து நேராக வந்ததால் தலையில் எண்ணெய் மின்னியது. அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி வடிவேல், எதற்கு வந்தோம் என்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அலெக்சாண்டர் முதல் குண்டை வாங்கினார். அல்போன்ஸைப் பார்த்தார். அவனும் பார்த்தான், லேசாகக் காலை அகட்டி இடம் பண்ணிக்கொண்டான். கூட்டத்தில் ஒருவன் அதைக் கவனித்துச் சிரித்தான். அலெக்சாண்டர் குனிந்து, நேரே குறி பார்த்து, கையைப் பின்னால் கொண்டுபோய் விட்டார்.

விடுகிற கணத்தில் விரல் துடித்தது.

குண்டு நன்றாகத்தான் கிளம்பியது. பாதித் தூரம் வரை அல்போன்ஸுக்குத்தான் போனது. பிறகு மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்து, எல்லோருடைய தலையும் அதோடு சேர்ந்து சாய, வடிவேலின் கால் பெருவிரலைத் தொட்டு நின்றது.

வடிவேல் குண்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். குனியவில்லை. அல்போன்ஸ் அகட்டின காலைச் சேர்த்துக்கொண்டான்.

ஜானகிராமன் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “நெனச்ச எடத்துக்குத்தான் போச்சா கப்பித்தேன்?” என்றார். “தவறிடுச்சின்னா சொல்லுங்க. நானே கல்லு இருந்துச்சின்னு சொல்லிடறேன்.”

கல் இல்லை. காலையில் பெருக்கின தரை. தவறிவிட்டது என்று சொன்னால் கை தவறியது என்று அர்த்தம். ஆமாம் என்று சொன்னால் அடிக்கிறவனை எடுத்தாயிற்று என்று அர்த்தம். அலெக்சாண்டர் அவர் பக்கம் திரும்பினார். “ஆமாம்,” என்றார்.

வடிவேல் அப்போதுதான் குண்டை எடுத்தான்.

இன்னும் ஒரு குண்டு. அதை ஜானகிராமன் அவர் கையில் கொடுத்ததும் கூட்டம் மூச்சு விட்டது. இது அவருடையது, இதிலே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கிழவர் இந்தத் தடவை அடிக்காமல் வைக்கப்போகிறார் போல, சின்னப் பையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. எவ்வளவு நல்ல வழி. கீழே வைத்துவிட வேண்டியதுதான். வடிவேல் அடிப்பான், நான் வைக்கிறேன். கேள்வியே இல்லை. குண்டைக் காலடியில் வைக்கக் குனிந்தார்.

குனிந்தபோது, தான் உருட்டிய குண்டு மண்ணில் போட்டிருந்த கோடு கண்ணில் பட்டது. நேரே போய், வெட்கமில்லாமல் வளைந்திருந்தது. அடிக்கிற தூரமுமில்லை, உயரமுமில்லை. தரையோடு விட்ட குண்டு. வைக்கிறவன் செய்கிற வேலையே இதுதானே. வெள்ளைக்காரன் எதிரே இல்லாதபோதே இப்படி.

அவர் நிமிர்ந்தார். குண்டை இடது கைக்கு மாற்றினார். அந்தக் கையால் அவர் ஒருநாளும் குண்டு விட்டதில்லை. அதனாலோ என்னவோ அது எதையும் யோசிக்காமல், சிறு பிள்ளை பந்து தள்ளுவதுபோலத் தள்ளியது. குண்டு அழகாகப் போகவில்லை. தத்தித் தத்திப் போய், அல்போன்ஸின் செருப்பு முனையில் இடித்து நின்றது.

இடது கையை எல்லோரும் பார்த்தார்கள். காரணத்தை யாரும் கேட்கவில்லை, வழக்கம் அப்படி. நாலு பேரில் நின்றிருந்த கலியமூர்த்தி மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது அல்போன்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். இரும்புக் கடை முனை வந்ததும் கேட்டான்.

“மாமா, மொதக் குண்டு எனக்குத்தான வந்துச்சி?”

“நின்ன எடம் நின்னதுதான்டா.”

“அப்ப ரெண்டாவது?”

“அது நான் வெச்சது.”

அல்போன்ஸ் சைக்கிளில் ஏறி மிதித்தான். வடிவேல் மைதானத்திலிருந்தே எதுவும் கேட்காமல் போயிருந்தான். போகும்போது மட்டும், வெள்ளிக்கிழமை பழகும்போது எதிரே வந்து நில்லுங்க கப்பித்தேன், குண்டு எங்க போவுதுன்னு நீங்க பாத்துச் சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் ரோசா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த வீட்டுக்காரி முந்திக்கொண்டு எல்லாம் சொல்லியிருப்பாள். அலெக்சாண்டர் இடது கையால் டம்ளரை எடுத்தார். ஆடாத தலைவன் இதுவரை அந்த மைதானத்தில் நின்றதில்லை. எங்கே நிற்பது? கயிற்றுக்கு வெளியே நின்றால் வேடிக்கை பார்க்க வந்தவன்போல இருக்கும். உள்ளே நின்றால் ஆட்டக்காரன் கண்ணில் நிழல் விழும். துணி கட்டின பக்கம் நின்றால் மரக்குண்டு தெரியாது.

“என்னா யோசன?” என்றாள் ரோசா.

“ஒண்ணுமில்ல. தோ வந்துட்டேன்.”

பாதிக் காப்பியை வைத்துவிட்டு, மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்.