இரண்டு எண்ணெய்த் தலை

அந்த ஆனி மாதக் காலையில் என் தலையில் இருந்த எண்ணெயை வைத்து ஒரு வாரத்துக்கு அப்பளம் பொரித்திருக்கலாம். அறுபத்தொன்றாம் வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. தென்காசியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த டைபாய்டு காய்ச்சலில் முழங்காலைத் தொட்ட என் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, எலிவால் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. தரகர் சொல்லிவைத்த முதல் விசேஷமே என் முடிதான். அது இல்லை என்றால் சீக்காளிப் பெண் என்று எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மா பயந்தாள். எனக்கும் பயம்தான். மாப்பிள்ளை தாணுவை நான் ஒரு தடவை பண்பொழி மலைக்கோவில் படியில் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. அதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்?

அம்மாவுக்கு நல்லெண்ணெய்தான் எண்ணெய். காய்ச்சல் சூடு மண்டையில் ஏறி வேரைச் சுட்டுவிட்டது, நல்லெண்ணெய்தான் அதை இறக்கும் என்பாள். அண்ணன் மனைவி பேராச்சி மதினி செங்கோட்டைக்காரி. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து ஐந்து வருஷமாகியும் மதினியின் தலை மட்டும் வரவில்லை. அவளுக்குத் தேங்காய் எண்ணெய்தான். கரிசலாங்கண்ணிச் சாறு விட்டுக் காய்ச்சி வைத்திருப்பாள். இருவரும் தனித்தனியே, மற்றவளிடம் சொல்லாதே என்று சொல்லித்தான் எனக்குத் தேய்த்தார்கள். நானும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றாவது பலிக்கட்டுமே என்ற பேராசை. தலை எப்போதும் மினுமினுப்பதைப் பார்த்துத் தன் எண்ணெய் நன்றாகப் பிடிக்கிறது என்று இருவருமே சந்தோஷப்பட்டார்கள். அம்மா அழுத்தித் தேய்ப்பாள், மதினி விரல் நுனியால் கோதிக்கொண்டே இருப்பாள். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கைகளுக்கு என் தலை இன்னும் ஏங்குகிறது.

கொட்டிய முடியை அம்மா தூரப் போடாமல் ஓலைப்பெட்டியில் சுருட்டி வைத்திருந்தாள். அதையே சவுரியாகக் கட்டி வாங்கினோம். அன்று காலை மதினி தன் எண்ணெயைத் தேய்த்து, சவுரி வைத்துப் பின்னி, பிச்சிப்பூவைச் சுற்றிவிட்டுக் காப்பி போடப் போனாள். உச்சியில் புதிதாக முளைத்த குட்டை முடி சிலிர்த்து நிற்பதை அம்மா பார்த்தாள். அதை அமுக்க ஒரு கை நல்லெண்ணெயை ஊற்றினாள்.

மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து இறங்கினார்கள். வெளியே சாரல். தாணுவின் அம்மா வடிவாம்பாள் அரக்கு நிறத்தில் புதுப் பட்டு கட்டியிருந்தாள். பூ வைக்கிற சாக்கில் பெண்ணின் சடையைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒட்டு இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். நான் கும்பிட்டு எழுந்ததும் அவள் என் பின்னால் வந்து சடையைத் தொட்டாள். தொட்டதுதான். சவுரி வழுக்கிக்கொண்டு பூவோடு தரையில் விழுந்தது.

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாணு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் குனிந்து சவுரியை எடுத்தேன்.

“இது எம் முடிதான் அத்தை. டைபாய்டு காய்ச்சல்ல கொட்டுனது. வேற யாரு முடியும் இல்ல.”

வடிவாம்பாள் தன் விரல்களை முகர்ந்தாள். சந்தேகம் வந்தவள்போல இன்னொரு தடவை முகர்ந்தாள்.

“ஏட்டி, நல்லெண்ணெயும் தேங்காண்ணெயும் சேத்தா தேய்க்காவ?”

கோபமா பிரியமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் மதினியும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சியில் ஊற்றிய எண்ணெய் நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போய் எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வடிவாம்பாள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பட்டு முந்தானையால் என் நெற்றியையும் கண்ணையும் காதோரத்தையும் துடைத்தாள். அம்மா பதறிப்போய் ஒரு துண்டை நீட்டினாள். அவள் அதை வாங்கவில்லை.

அந்தப் பட்டைப் பூந்திக்கொட்டை நுரையில் எத்தனையோ தடவை நானே அலசிக் காயப்போட்டிருக்கிறேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு அந்த எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.