ஜட்ஜ் கமலநாதன் கேட்ட தேதி

கமலநாதன் நீதிபதியாக இருந்த இருபத்து நான்கு வருடங்களில் யாருக்கும் வழக்கைத் தள்ளிப்போட்டுத் தேதி கொடுத்ததில்லை. வழக்கறிஞருக்குக் காய்ச்சல், சாட்சி ஈப்போவில் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று எந்தக் காரணம் சொன்னாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "இன்றைக்கே" என்பார். அவ்வளவுதான், வழக்கு அன்றைக்கே நடக்கும். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன பிறகும் கிள்ளானில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிற ஒவ்வொரு மேடையிலும் இதைத்தான் சொல்லிக் கைதட்டினார்கள். பொன்னாடைகள் பதினேழு, அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழுப்புக் கோப்பு இருந்தது. அதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசவில்லை. அது அங்கே இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவரின் மகன் அவர். பதினெட்டு வயதில் நீதிமன்றத்தில் பியூன், பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர், வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் சட்டப் படிப்பு, முப்பத்தாறு வயதில் மாஜிஸ்திரேட். தெற்கே ஒரு சின்ன ஊரில் மட்டும் பதினொரு வருடம் இருந்தார். ஒரு கோர்ட்டு, ஒரு போஸ்ட் ஆபீஸ், சாலையோரச் சாப்பாட்டுக்கு இரண்டு ஒட்டுக்கடை, அவ்வளவுதான் ஊர். பாசாரில் அவர் மீன் வாங்கப் போனால் மீன்காரர் எடைத் தட்டை இரண்டு தடவை துடைப்பார். இலவசமாக ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்காத மனிதர் என்று பெயர். அது உண்மையான பெயர்தான்.

இனி கோப்புக்கு வருவோம். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் பதிவுத் திருமணம், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கோயிலில் தாலி. பதிவு முடிந்தாலும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். வீட்டுக் கடனுக்கு அந்தப் பத்திரம் உதவும் என்பதைத் தவிர அதை யாரும் கல்யாணமாக மதிப்பதில்லை. ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். கமலநாதனின் ஒரே மகள் மலருக்கும் டெங்கிலைச் சேர்ந்த விஜயன் என்ற பையனுக்கும் அப்படித்தான் பதிவானது. அப்போது மலருக்கு வயது இருபத்து நான்கு. நான்கு மாதத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. தட்டுகள் திரும்பின, சேலை திரும்பியது, மோதிரம் திரும்பியது. எல்லாம் முடிந்தது என்று இரண்டு வீட்டாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை என்பது கமலநாதனுக்குத் தெரியும். சட்டப்படி அவர்கள் புருஷன் பெண்டாட்டி. பதிவாகி இரண்டு வருடம் போனால்தான் விவாகரத்து கேட்கவே முடியும். விஜயனையும் மலரையும் உட்கார வைத்து மனுவில் கையெழுத்து வாங்கி அந்தப் பழுப்புக் கோப்பில் வைத்தார். "மத்தத நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஜட்ஜே சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் என்ன சந்தேகம் வரும்? ஒருநாள் இருவரும் உயர் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை.

இரண்டு வருடம் போனது. மனுவைப் போட்டால் நீதிமன்ற வாசலில் அன்றைய வழக்குப் பட்டியலில் 'மலர், தந்தை கமலநாதன்' என்று ஒட்டுவார்கள். அங்கே இருக்கிற கிளார்க்குகளில் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்த்தவர்கள். ஜட்ஜ் மகள் வாழாமலே விவாகரத்து என்று கேன்டீனில் பேசுவார்கள். ஓய்வு பெற்றதும் போடலாம் என்று நினைத்தார். ஓய்வு பெற்றார், பொன்னாடைகள் வரத் தொடங்கின. மலர் வேலைக்குச் சிங்கப்பூர் போனவள் எட்டு வருடம் அங்கேயே இருந்தாள், கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. கோப்பும் அலமாரியை விட்டு நகரவில்லை.

போன வருடம் மலர் திரும்பி வந்தாள். செராஸில் இருக்கும் விமலனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பழைய பதிவு ரத்தாகிவிட்டது என்று அவனிடமும் சொல்லியிருந்தாள், பாவம், அப்படித்தான் நம்பியிருந்தாள். மண்டபம் பிடித்தார்கள், கார்டு அடித்தார்கள். கமலநாதனும் மனைவி புஷ்பவல்லியும் அறுபத்து மூன்று வீட்டுக்கு நேரில் போய்க் கார்டு வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுப் படி இறங்கும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்று காரைக் கிளப்புவார்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் முகூர்த்தச் சேலை எடுத்தார்கள். பிறகு நான்கு பேரும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ரசம் வரும்போது மலர் சொன்னாள்.

"திங்கக்கிழமை நானும் விமலனும் லீவு. பதிவு இலாகாவுக்குப் போயி கல்யாணப் பாரம் எழுதிக் குடுத்துட்டு வந்துடுறோம்பா."

கமலநாதன் அப்பளத்தை நொறுக்கினார். ஐசி அட்டையைச் சொருகியதும் கம்ப்யூட்டர் அவள் விஜயனின் மனைவி என்று சொல்லும். கவுன்டரில், விமலன் பக்கத்தில் நிற்கும்போது சொல்லும். இதற்கு மேல் தள்ளிப்போட நாள் இல்லை.

"போகாதம்மா. பழைய பதிவு இன்னும் ரத்தாகல. நான் மனு போடல."

விமலன் கையில் எடுத்த சோறு இலையிலேயே விழுந்தது. புஷ்பவல்லி, "என்னங்க சொல்றீங்க?" என்றாள். மலர் அவரையே பார்த்தாள்.

"இப்ப போட்டா எத்தன நாளாகும்?" என்று கேட்டாள்.

"விஜயன் வந்து நின்னா... நாலு மாசம். ஆறும் ஆகலாம்."

விமலன் நல்ல பையன். சமாளிக்கப் பார்த்தான். "பரவால்ல லா அங்கிள். தேதியில தாலி கட்டிக்குவோம். பதிவு மெதுவா பண்ணிக்கலாம். நம்ம ஆளுங்க எத்தன பேரு அப்படித்தானே செய்றாங்க?"

செய்கிறார்கள்தான். அப்படிச் செய்த ஒருத்தியைக் கமலநாதனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குமுதா என்று பெயர். அந்தச் சின்ன ஊரில், அவருடைய கடைசி வருடங்களில் வந்த வழக்கு. ஒருவனோடு பதிவு, தாலிக்கு முன்பே பிரிவு, பிறகு இன்னொருவனோடு கோயிலில் தாலி. முதல் ஆள் வன்மத்தில் போலீசுக்குப் போய்விட்டான். கணவன் இருக்கும்போது மறுமணம் என்று குற்றச்சாட்டு. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். "ஐயா, வக்கீல் வெச்சிருக்கேன், ரெண்டு மாசத்துல விவாகரத்து வந்துடும். ரெண்டு மாசம் மட்டும் தேதி குடுங்கய்யா" என்றாள். கூண்டிலிருந்து தமிழில்தான் சொன்னாள். அவருக்குப் புரியாத தமிழா? ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார், அதுதான் முறை. பிறகு இன்றைக்கே என்றார். பத்து நாள் சிறை. அவர் வீட்டு அலமாரியில் கோப்பு இருந்தது அப்போதும்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்து அவர் அலமாரிக் கதவைத் திறக்கவில்லை.

"அது குத்தம், விமலன்" என்றார். "நான் அதுக்கு ஒரு பொண்ண ஜெயிலுக்கு அனுப்பியிருக்கேன்."

"எப்ப?" என்றாள் மலர்.

சொன்னார். மலர் மனதுக்குள் வருடங்களைக் கூட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது அப்போதுதான்.

"அப்ப என் பேப்பர் உங்க கையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

மலர் இலையை மடித்தாள். "கல்யாணத்தத் தள்ளி வச்சிடுவோம். யாருக்கும் மெசேஜ் போட வேணாம், ஃபோன்லயும் சொல்ல வேணாம். அறுபத்து மூணு வீட்டுக்கு நீங்கதானே நேர்ல போயி கார்டு வச்சீங்க? நேர்ல போயி சொல்லுங்க. ஏன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. என்னாலன்னோ விமலனாலன்னோ ஒரு வீட்டுல பேச்சு வந்தாலும், அப்புறம் நான் உங்ககிட்ட பேச மாட்டேன்பா."

மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு என்றும் அவருக்குத் தோன்றியது. அதனால்தான் இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை செராஸுக்குக் கிளம்பினார். முதல் வீடு விமலனுடைய அம்மா தங்கமணி வீடு. நான் வாய் திறக்கமாட்டேன், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று விமலன் சொல்லியிருந்தான். புஷ்பவல்லி கூட வர மறுத்துவிட்டாள். கார்டு வைக்கப் போகும்போது தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் எடுத்துப் போவார்கள். தேதி தள்ளிப்போகிறது என்று சொல்லப் போகும்போது என்ன எடுத்துப் போவது என்று எந்த வழக்கமும் இல்லை. வழியில் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கிக்கொண்டார். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லிஃப்டில் நின்றபோது தன்னைப் பார்த்துத் தனக்கே சிரிப்பாக இருந்தது. பதினொன்றாம் மாடி வருவதற்குள் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

தங்கமணி பள்ளிக் கேன்டீன் நடத்தி விமலனை ஆளாக்கியவர். பரபரப்போடு கதவைத் திறந்தார். "வாங்க சம்பந்தி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா தோசை சுட்டு வச்சிருப்பேனே. உட்காருங்க, உட்காருங்க."

கமலநாதன் உட்காரவில்லை. நீதிபதியாக இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் நிற்க அவர் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது என்று பட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், பதிவு, கையெழுத்து, கோப்பு, அலமாரி. வாழைப்பழச் சீப்பைக் கொடுக்கவும் மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

தங்கமணி கேட்டார். "அது முடியலன்னு மலருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நேத்துதான் தெரியும்."

"நீங்க மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அறுபத்தெட்டு வயதுக்கு அது நம்பக்கூடிய காரணம்.

"மறக்கல. கோர்ட்டு வாசல்ல என் பேர ஒட்டுவாங்கன்னு பயந்தேன். பன்னெண்டு வருஷமாச்சு. பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்களுக்குப் பெரிய சிரமம், எனக்குத் தெரியும். ஒரு... தேதி மட்டும் தள்ளிக் குடுங்கம்மா."

தங்கமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று கமலநாதன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். தங்கமணி அவர் கையிலிருந்த சீப்பை வாங்கி மேசையில் வைத்தார்.

"எத்தன மாசம் வேணும் உங்களுக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கேன்டீனில் பிள்ளைகளிடம் எத்தனை இட்லி வேணும் என்று கேட்கிற அதே குரல். இருபத்து நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கமலநாதன் ஒருவரிடமும் கேட்டதில்லை.

"ஆறு மாசம்" என்றார்.

"எடுத்துக்குங்க" என்றார் தங்கமணி. தேநீர் போட உள்ளே போனார்.

கமலநாதன் அப்போதுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குமுதா கேட்டது இரண்டு.