ஐந்து நாளும் நாளைக்குத்தான்

திங்கள்கிழமை காலை ஓல்ட் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் மேடேறும்போது திபேரியுவின் லாரியில் கியர்பாக்ஸ் கடகடவென்று அலறி நின்றுபோயிற்று. எப்படியோ பின்னோக்கி உருட்டி, பெட்ரோல் பங்க்கை ஒட்டிய நிறுத்தத்தில் ஓரங்கட்டினான். பின்னால் குளிர்ப்பெட்டியில் இருபது டன் உறைந்த கோழி. கம்பெனி வண்டி, கம்பெனிச் சரக்கு. அவனுக்குச் சொந்தமாக அந்த வண்டியில் இருந்ததெல்லாம் ஒரு காஸ் அடுப்பும் இரண்டு சட்டையும்தான்.

கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் பொறுப்பு செசாருக்கு. வயது இருபத்தெட்டு. அண்ணே அண்ணே என்று தேனாய்ப் பேசுவான்.

"நாளைக்குக் கண்டிப்பா மெக்கானிக் வந்துடுவாருண்ணே. பார்ட்டு போலந்துல இருந்து கிளம்பியாச்சு."

"செசார், நான் சனிக்கிழமை புசாவுல, எங்க ஊர்ல இருக்கணும். அம்மாவோட நாற்பதாம் நாள்."

"சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கு! நாளைக்கு வேலை முடிஞ்சிடும்ணே."

திபேரியு அம்மாவின் அடக்கத்துக்குப் போகவில்லை. அப்போது ஸ்பெயினில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தான். "இந்த லோடை மட்டும் முடிச்சிட்டு வந்துடுங்கண்ணே" என்று இதே செசார்தான் சொன்னான். முடித்துவிட்டுத் தங்கை அவுரிகாவுக்குப் போன் செய்தபோது அவள் ஒரே வரியில் பேச்சை முடித்தாள். "அம்மாவைப் புதைச்சாச்சு. நீ ஆரஞ்சை இறக்கு." அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தே தீருவேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினான். படித்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது.

வண்டியை விட்டுப் பேருந்தேறிப் போய்விடலாமே என்று கேட்பவர்களுக்குக் கம்பெனி வண்டி ஓட்டிப் பழக்கமில்லை என்று அர்த்தம். குளிர்ப்பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன இயந்திரம் உண்டு. அதற்குக் காலையும் மாலையும் டீசல் ஊற்ற வேண்டும். மூன்று மணிக்கொரு தரம் அதன் வெப்பநிலையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். லோடு வண்டியை விட்டு நகர்ந்தவன் வேலையை விட்டு நகர்ந்தவன். கம்பெனி ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே வரி அதுதான்.

செவ்வாய், புதன், வியாழன் போயின. உருளைக்கிழங்கு வேகவைத்தான். பங்க்கின் கழிப்பறையில் தலைக்குக் குளித்தான். இருக்கைக்கு அடியில் இருந்த குப்பையை எல்லாம் கூட்டினான், மறுநாள் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. செசார் தினமும் நாளைக்கு என்றான், இவனும் தங்கைக்கு நாளைக்கு என்றே எழுதினான். திங்களன்றே செசார் முடியாது என்று சொல்லித் தொலைத்திருந்தால் வேறொரு டிரைவரை மாற்றி விடச் சொல்லிச் சண்டை போட்டிருப்பான். சும்மா உட்கார வைப்பது அப்படி ஒரு கழுத்தறுப்பு.

வெள்ளி மதியம் மெக்கானிக் வந்தேவிட்டார். கியர்பாக்ஸைப் பிரித்தார், பார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க வண்டிக்கு இல்லீங்க. இதுக்கு முந்தின மாடல்."

அவர் போன பிறகு திபேரியு வண்டிப் படியில் உட்கார்ந்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் மரக்கட்டை லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய பெண், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தவள், அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு காபியோடு வந்தாள். பெயர் தோம்னிகா. வேறு கம்பெனி டிரைவர்.

"என்ன தம்பி, கோழி எதாவது முட்டை போட்டுடுச்சா? மூஞ்சி அப்படி இருக்கு."

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், ஆரஞ்சு உட்பட. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் வாராந்திர ஓய்வுல நிக்கிறேன். நாற்பத்தஞ்சு மணி நேரம். ஞாயிறு மதியம் வரைக்கும் என் சக்கரம் ஒரு அடி உருண்டாலும் ஓட்டத்தை அளக்கிற கருவியில பதிஞ்சிடும், அபராதம். எப்படியும் இங்கதான் கிடக்கப் போறேன். சாவியைக் குடு. டீசலை நான் ஊத்துறேன், படத்தை உனக்கு அனுப்புறேன், நீ கம்பெனிக்கு அனுப்பிடு."

"அக்கா, தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"போகலாம். உங்கம்மாவுக்கு எத்தனை நாற்பது வரும்?"

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் தோம்னிகா தன் வண்டியின் வாக்கிடாக்கியை எடுத்தாள். "புசாவு பக்கம் யாருப்பா போறீங்க? ஒரு ஆளு, மூட்டை கிடையாது, அம்மாவோட நாற்பதுக்குப் போகணும்." இரைச்சலுக்கு நடுவே மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. கால் மணி நேரத்தில் சிமெண்ட் வண்டிக்காரர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டார். ஊர் முக்கில் இறக்கிவிடும்போது தொப்பியைக் கழற்றினார்.

கோயிலுக்குள் அவன் நுழைந்தபோது பூசை முடியும் கட்டம். பாதிரியார் 'நித்திய நினைவு' பாடத் தொடங்கியிருந்தார். வேகவைத்த கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்த கொலிவாத் தட்டை உறவுக்காரர்கள் சேர்ந்து தூக்கி மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தொட இடமில்லாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்திருந்தார்கள். திபேரியு கடைசியில் போய் யாரோ ஒரு மாமாவின் தோளைத் தொட்டான். முன்னால் நின்ற அவுரிகா திரும்பிப் பார்த்தாள். ஒரு கையைத் தட்டிலிருந்து எடுக்காமலே மறு கையை நீட்டி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தட்டருகே நிறுத்தினாள். அவன் விரல்கள் விளிம்பைத் தொட்டன.

கல்லறையிலிருந்து திரும்பும்போது போன் அடித்தது.

"அண்ணே, சரியான பார்ட்டு வந்து மாட்டியாச்சு. மெக்கானிக் போன் பண்ணினாரு, உங்க டிரைவரம்மா நல்ல காபி போட்டுக் குடுத்தாங்கன்னு சொல்றாரு." செசாரின் குரலில் தேன் வற்றியிருந்தது. "நீ எங்க இருக்க?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பங்க்கில் இருக்கிறேன், கழிப்பறையில் இருக்கிறேன், எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"எங்கம்மா கிட்ட இருக்கேன்."

"லோடை இறக்கிட்டு திங்கக்கிழமை ஆபீஸ்ல சாவியக் குடுத்துடு."

"சரி" என்றான். பதினோரு வருட வேலை. ஆனாலும் அம்மாவிடம் இருக்கிறேன் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவுரிகா கேட்டுக்கொண்டே நின்றாள். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"கோழி?"

"நல்லா இருக்கு. ஒரு அக்கா பாத்துக்கிறாங்க."

அவள் வீட்டுக்குள் போய் ஒரு காகிதக் கிண்ணத்தில் கொலிவாவை அமுக்கி நிரப்பி, பின்னிய ரொட்டி ஒன்றையும் ஒரு மெழுகுவர்த்தியையும் பையில் வைத்துக் கொடுத்தாள். "அந்த அக்காவுக்கு. அம்மா பேரச் சொல்லிக் குடுக்கணும், சும்மா குடுத்துட்டு வராதண்ணா."

நாற்பது நாளைக்குப் பிறகு அவள் அவனை அண்ணா என்றாள்.

தங்கை கணவனின் காரில் அவன் பள்ளத்தாக்குக்குத் திரும்பியபோது மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தோம்னிகா அவன் வண்டியின் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். குளிர்ப்பெட்டி சீராக உறுமிக்கொண்டிருந்தது. பையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். ஒரு கரண்டி கோதுமையை எடுத்தவள் வாயில் போடாமல் காத்திருந்தாள். செத்தவரின் பெயரைச் சொல்லி, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

"உங்கம்மா பேரு என்ன தம்பி?"

அம்மா என்றுதான் ஆயுள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறான். பெயரைச் சொன்னதே இல்லை. செத்த பிறகு எந்தப் பாதிரியாரிடமும், எந்த அலுவலகத்திலும் அதைச் சொல்ல அவன் இருந்ததில்லை. எல்லா இடத்திலும் அவுரிகாதான் சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்தான்.

"சஃப்தா" என்றான். "அவ பேரு சஃப்தா."

"கடவுள் சஃப்தாவை மன்னிக்கட்டும்" என்று சொல்லித் தோம்னிகா சாப்பிட்டாள். அவன் வண்டிச் சக்கரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, அம்மா இறந்த பிறகு முதல் முறையாக அழுதான்.